எட்டாமல் போன வீட்டு சர்வர்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் வழியில் இருக்கிறது கீழ்புத்துப்பட்டு. ஐயனார் கோயிலுக்கும், ஈழத்திலிருந்து வந்தவர்கள் வாழும் மறுவாழ்வு முகாமுக்கும் பெயர்பெற்ற ஊர். வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். இந்தக் கரையோர ஊர்களில் ஒரு குடும்பம் முழுவதும் ஒரே கூரையின் கீழ் இருப்பது அரிதாகிவிட்டது. ஒரு பிள்ளை சென்னையில் வேலை பார்ப்பார், இன்னொருவர் வளைகுடாவில் இருப்பார். முகாமில் வாழும் குடும்பங்கள் சிலவற்றுக்கு உறவுகள் கனடா, பிரான்ஸ் என்று கடல் கடந்து கிடக்கின்றன. கல்யாணப் படங்கள், பட்டா நகல், பிறப்புச் சான்று, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வீட்டுக் கணினி ஒன்றில் போட்டு, எங்கிருந்தாலும் இணையம் வழியாக எடுத்துக்கொள்வதற்கான ஏற்பாட்டுக்குத்தான் வீட்டு சர்வர் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் 2007-இல் வெளியிட்ட விண்டோஸ் ஹோம் சர்வர் இதற்கென்றே பிறந்தது. வட்டுப்பெட்டியாக விற்கப்படும் நாஸ் கருவிகளும், மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய டெஸ்க்டாப்பும் இதே வேலையைச் செய்கின்றன. பத்துப் பதினைந்து வருடம் ஒழுங்காக ஓடிய அந்தப் பெட்டி ஒருநாள் வெளியிலிருந்து திறக்காமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வது?

பெரும்பாலும் நடப்பது இதுதான்: கணினி தெரிந்த யாரையாவது கூப்பிட்டு, "முன்னே எப்படி இருந்ததோ அப்படியே செய்து கொடுங்கள்" என்று கேட்கிறோம். அவரும் ரவுட்டரில் ஒரு போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலை, திறந்து, ஃபயர்வாலை நிறுத்தி, பிரவுசரின் எச்சரிக்கையைத் தாண்டிப் போகச் சொல்லித் தருகிறார். இது தவறு என்பது என் உறுதியான கருத்து. பழைய சர்வர் எட்டாமல் போனதற்கான காரணத்தைத் தேடிப் போனால், பழுது பல நேரம் பெட்டிக்குள் இருக்காது. பெட்டி அப்படியே நின்றுவிட, சுற்றியுள்ள இணையம் மாறிவிட்டிருக்கும். அந்த மாற்றங்களில் சில நம் பாதுகாப்புக்காகவே வந்தவை. ஆகவே காரணத்தைப் பொறுமையாகக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் கண்டுபிடித்த பிறகு பழைய வழியையே திறந்துவிடக் கூடாது.

தேடலை வீட்டுக்குள்ளிருந்து தொடங்க வேண்டும். வெளியூரிலிருந்து திறக்கவில்லை என்ற புகார் வந்ததும் எல்லோரும் இணையத்தைக் குறை சொல்கிறார்கள். சர்வர் வீட்டு வைஃபையிலேயே திறக்கிறதா என்று பார்ப்பதில்லை. அங்கேயே திறக்கவில்லை என்றால் வெளியே தேடுவது வீண். இங்கே அடிக்கடி தென்படும் காரணம் ஒன்று உண்டு. பழைய செப்புக் கம்பி பிராட்பேண்டை விட்டுவிட்டு ஃபைபருக்கு மாறும்போது புது ரவுட்டர் வருகிறது. பழைய மோடம் வீட்டுக் கருவிகளுக்கெல்லாம் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்துவந்தது; ஜியோவின் ரவுட்டரோ 192.168.29 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுக்கும். சர்வருக்கு அன்றைக்கு நிலையாக எழுதிவைத்த பழைய முகவரி இப்போது யாருமில்லாத வரிசையில் மாட்டிக்கொள்கிறது. மின்சாரம் வருகிறது, விளக்கு எரிகிறது, கேபிள் சரியாக இருக்கிறது, ஆனாலும் சர்வர் யாருக்கும் தெரிவதில்லை. இரண்டாவது காரணம் இன்னும் குழப்பக்கூடியது. விண்டோஸ் ஹோம் சர்வரின் முதல் பதிப்பு, விண்டோஸ் சர்வர் 2003-இன் மேல் கட்டப்பட்டது. கோப்புகளைப் பகிர எஸ்எம்பி என்ற நெறிமுறையின் முதல் பதிப்பு மட்டுமே அதற்குத் தெரியும். 2017-இன் பிற்பகுதியிலிருந்து விண்டோஸ் 10 அந்த முதல் பதிப்பைத் தானாக நிறுவுவதை நிறுத்திவிட்டது. புது லேப்டாப் வாங்கிய அன்றிலிருந்து சர்வர் கண்ணில் படவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். சர்வருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

மரக்காணக் கரையில் இன்னொரு காரணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காற்றில் உப்பு இருக்கிறது. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதிகூட வேண்டாம். கணினியின் விசிறி உள்ளே இழுத்துச் சேர்த்த உப்புத்தூசி, ஈரமான இரவுகளில் மெல்லிய உப்புநீர்ப் படலமாகப் பலகையின் மேல் படர்கிறது. மின்முனைகளில் களிம்பு ஏறுகிறது. நெட்வொர்க் கேபிள் முழுதாகச் செத்துப்போனால் கண்டுபிடிப்பது எளிது. அரைகுறையாகப் பழுதானால்தான் சிக்கல். ஒரு கிகாபிட் வேகத்துக்கு கேபிளில் உள்ள எட்டுக் கம்பியும் வேண்டும், நூறு மெகாபிட்டுக்கு நான்கு போதும். நூறு மெகாபிட்டுக்குத் தேவைப்படாத மற்ற நான்கில் ஒன்று களிம்பேறினால் இணைப்பு அறாது, வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகச் சரியும். வெளியூரிலிருந்து பார்ப்பவருக்கு சர்வர் பாதியில் நின்றுவிடுவதாகத் தோன்றும். பிளக்கைக் கழற்றி, முனையைப் பார்த்து, புதுக் கேபிள் போட்டால் தீர்ந்துவிடும் இந்தப் பழுதுக்காக மென்பொருளை நாள்கணக்கில் நோண்டுவது வீண்வேலை.

கரையோரத்தின் மற்றொரு இயல்பு, புயலோடு வரும் மின்தடை. 2011 டிசம்பர் 30-இல் தானே, 2020 நவம்பரில் மரக்காணத்துக்கு அருகே கரையேறிய நிவர், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று இந்தப் பகுதி திரும்பத் திரும்ப அடிவாங்கியிருக்கிறது. மின்சாரம் போய்வருவதால் மட்டும் ஒரு சர்வர் எப்படி எட்டாமல் போகும்? முதலாவது, பல கணினிகள் மின்சாரம் திரும்பியதும் தாமாக எழுவதில்லை. யாராவது பொத்தானை அழுத்த வேண்டும். மின்சாரம் வந்ததும் எழு என்று, கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸில் ஒரு அமைப்பு உண்டு, அதை மாற்றிவைக்கலாம். இரண்டாவது, அதிகம் கவனிக்கப்படாதது: தாய்ப்பலகையில் காசு வடிவில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். பத்து வருடப் பழைய கணினியில் அது தீர்ந்துபோயிருப்பது சாதாரணம். மின்தடைக்குப் பிறகு கணினி ஏதோ ஒரு பழைய தேதியோடு எழுகிறது. விண்டோஸ் இணையத்தைப் பார்த்து நேரத்தைத் திருத்திக்கொள்ளும் என்றாலும், வேறுபாடு 15 மணி நேரத்துக்கு மேல் போனால் பழைய வீட்டுக் கணினிகள் அதை ஏற்காமல் விட்டுவிடும். இணையத்தில் பாதுகாப்பான இணைப்பு ஒவ்வொன்றும் சான்றிதழின் தேதியைச் சரிபார்க்கிறது; வருடமே தவறாக இருக்கும் கணினி எந்தச் சான்றிதழையும் நம்பாது. மாறிக்கொண்டிருக்கும் தன் முகவரியை ஒரு நிலையான பெயரோடு சேர்த்துப் புதுப்பிக்கும் சேவையிடம்கூட அதனால் பேச முடியாது. சில பத்து ரூபாய் பேட்டரி ஒன்றால் மொத்த ஏற்பாடும் நின்றுபோகும்.

வீட்டுக்குள் எல்லாம் சரி, வெளியிலிருந்து மட்டும் திறக்கவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ரவுட்டர். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை: வெளிமுகவரியை வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே சோதிக்கக் கூடாது. பல ரவுட்டர்கள் உள்ளிருந்து வெளியே போய் மீண்டும் உள்ளே வரும் சுற்றுவழியை அனுமதிப்பதில்லை. போனில் வைஃபையை நிறுத்திவிட்டு மொபைல் டேட்டாவில் சோதிப்பதுதான் சரி. பிறகு ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, இணையத்தின் பக்கம் அதற்குக் கிடைத்திருக்கும் முகவரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். உங்கள் முகவரி எது என்று சொல்லும் ஏதாவது ஒரு தளத்தையும் திறந்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. வேறுவேறாக இருந்தால், அதுவும் ரவுட்டரில் உள்ளது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், தேடல் அங்கேயே முடிந்தது. அந்த வரிசை 2012-இல் இணைய சேவை நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டது. நமக்கென்று தனிப் பொதுமுகவரி கிடையாது என்று அதற்குப் பொருள்.

இந்த நிலை ஏன் வந்தது என்று புரிந்துகொள்வது அவசியம். ஐபி என்ற இணைய நெறிமுறையின், 1981-இல் வகுக்கப்பட்ட நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகளாவிய இருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3-இல் பங்கிடப்பட்டன. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான இருப்பு அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதன் பிறகு இந்தியாவில் மேலும் கோடிக்கணக்கானோர் இணையத்துக்குள் வந்தார்கள். எல்லோருக்கும் முகவரி இல்லாததால் நிறுவனங்கள் ஒரே பொதுமுகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஒரு தெருவுக்கே ஒரே கதவு எண் என்றால், உள்ளே இருப்பவர் கடிதம் போடலாம், அதற்குப் பதிலும் வரும்; வெளியாள் தானாக ஒரு கடிதம் போட்டால் எந்த வீட்டில் கொடுப்பது என்று தபால்காரருக்குத் தெரியாது. இந்த நிலையில் வீட்டு ரவுட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை, ஏனென்றால் வரும் அழைப்பு நம் ரவுட்டரை எட்டுவதே இல்லை. பழைய இணைப்பில் ஓடியது புதிய ஃபைபரில் ஓடவில்லை என்ற புகார்கள் பலவற்றின் பின்னால் இருப்பது இதுதான்.

முகவரி சரியாக இருந்தும் பிரவுசர் மறுக்கிறது என்றால் குறியாக்கத்தைப் பார்க்க வேண்டும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற பிரவுசர்கள் 2020-இல் டிஎல்எஸ் 1.0, 1.1 ஆகிய பழைய குறியாக்க முறைகளைக் கைவிட்டன. முதல் ஹோம் சர்வருக்கு 1.0-க்கு மேல் தெரியாது. இரண்டாவதான ஹோம் சர்வர் 2011-இல் 1.2 இருந்தாலும் அது இயல்பாக முடக்கப்பட்டே வந்தது. தேடிப்போய் இயக்க வேண்டும். முதல் பதிப்பில் வெளியிலிருந்து வீட்டுக் கணினியின் திரையைப் பார்க்கும் வசதி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை நம்பியிருந்தது. அந்த பிரவுசரே 2022 ஜூன் 15-இல் ஓய்வுபெற்றுவிட்டது. மைக்ரோசாஃப்ட் முதல் பதிப்புக்கான ஆதரவை 2013 ஜனவரியிலும், 2011 பதிப்புக்கான ஆதரவை 2016 ஏப்ரலிலும் நிறுத்திக்கொண்டது. அன்றிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளுக்குத் திருத்தம் வருவது நின்றுபோனது. மிக அரிதாக, ஆபத்து எல்லை மீறியபோது மட்டும், 2017-இலும் 2019-இலும் செய்ததுபோல, ஆதரவு முடிந்த சில விண்டோஸ் பதிப்புகளுக்கும் அந்நிறுவனம் திருத்தம் வெளியிட்டது.

இத்தனை காலம் ஓடியதே, இனியும் ஓடினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 2021 ஜூனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை புக் லைவ் என்ற வட்டுப்பெட்டி 2010-இல் வந்தது. 2015-இல் அதற்கான மென்பொருள் திருத்தங்கள் நின்றன. ஆறு வருடம் அது ஒழுங்காகவே ஓடியது. 2021 ஜூன் 23-ஐ ஒட்டிய ஓரிரு நாளில் உலகின் பல பகுதிகளில் இருந்த அந்தப் பெட்டிகள், தொலைவிலிருந்து வந்த கட்டளையால் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பப்பட்டு, உள்ளே இருந்த வாழ்நாள் சேமிப்பெல்லாம் அழிந்தது. அழிப்பதற்கு முன் கடவுச்சொல் கேட்க வேண்டிய நிரல்வரிகள் செயல்படாமல் முடக்கப்பட்டிருந்தன என்று பிறகு தெரிந்தது. ஓடிக்கொண்டிருப்பது பத்திரமாக இருப்பதற்கு அடையாளம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கடலோரக் கிராமத்தில் இருக்கும் பெட்டியை யார் தேடி வரப்போகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. நியாயமாகத் தோன்றும் கேள்விதான், ஆனால் தாக்குபவர் ஊரைப் பார்த்து வருவதில்லை, எண்ணைப் பார்த்து வருகிறார். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸீமேப் என்ற கருவியை வெளியிட்டார்கள். ஐபி நான்காம் பதிப்பின் முகவரிப் பரப்பு முழுவதையும் ஒரே கணினியிலிருந்து 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்க முடியும் என்று காட்டினார்கள். கீழ்புத்துப்பட்டும் நியூயார்க்கும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். 2017 மே 12-இல் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற நச்சுநிரல், எஸ்எம்பி முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது; ஏறக்குறைய 150 நாடுகள் பாதிக்கப்பட்டன, நம் பக்கத்தில் ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் சிலவும் தப்பவில்லை. 2019-இல் வெளியான புளூகீப் ஓட்டையோ, ஹோம் சர்வர் 2011-க்கு அடித்தளமான சர்வர் 2008 ஆர்2-ஐயும் பாதித்தது. ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்குத் திறந்துவைத்தவர்கள்தான் அதற்கு இலக்கு. நம் வீட்டில் திருட என்ன இருக்கிறது என்று நினைப்பதும் சரியில்லை. முகாமில் பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்று, இலங்கையில் இருந்த வீட்டின் பத்திரப் படம், பதிவு அட்டையின் நகல் போன்றவை இன்னொரு முறை கிடைக்குமா என்பதே சந்தேகமான ஆவணங்கள். அவை களவு போவதும் இழப்பு, பூட்டப்பட்டுப் பணம் கேட்கப்படுவதும் இழப்பு.

நிலையான முகவரியை மாதக் கட்டணம் கொடுத்து வாங்கிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். முகவரிச் சிக்கல் அதில் தீரும், ஆனால் திருத்தம் வராத கணினியை நிலையான இடத்தில் நிறுத்தி உலகுக்குக் காட்டுவதாகவும் அது முடியும். ஐபி ஆறாம் பதிப்பு இந்தியாவில் நன்றாகப் பரவியிருப்பதால் அதன் வழியாக நேரடி இணைப்பு சாத்தியம்தான். அதே எதிர்ப்பு அதற்கும் பொருந்தும். எனிடெஸ்க் மாதிரியான செயலிகள் முகவரிப் பகிர்வைத் தாண்டிவிடுகின்றன, அவசரத்துக்கு உதவுகின்றன. ஆனால் திரை முழுவதையும் வெளியாள் கையில் கொடுக்கும் கருவிகள் அவை. எனிடெஸ்கை வைத்து நடக்கும் பண மோசடி குறித்து 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு அந்தப் பழக்கத்தை ஏற்படுத்த நான் விரும்ப மாட்டேன். பேசாமல் எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிடலாம் என்பதுதான் இருப்பதிலேயே வலுவான மறுப்பு, அதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஆனால் கூகுள் ஃபோட்டோஸ் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு வரம்பற்ற இலவச இடத்தை நிறுத்தியது. இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதற்கு மேல் ஆயுள் முழுவதும் சந்தா. புயலுக்குப் பின் இணையம் நாள்கணக்கில் இல்லாதபோது வீட்டில் இருக்கும் நகல்தான் கைகொடுக்கும். கிளவுடை ஒரு நகலாக வைத்துக்கொள்வது நல்லது. ஒரே நகலாக அதை நம்புவது எனக்கு ஏற்புடையதில்லை.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பழுதுபார்க்கும் முன்பே தரவை வெளியே எடுக்க வேண்டும். பழைய வட்டு இன்னும் எத்தனை முறை சுழலும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதை மறுபடி மறுபடி அணைத்து எழுப்பிச் சோதிப்பதே கடைசி அடியாக அமையலாம். ஹோம் சர்வரின் முதல் பதிப்பில் கோப்புகள் பல வட்டுகளில் சிதறியிருந்தாலும் ஒவ்வொன்றும் சாதாரண என்டிஎஃப்எஸ் வட்டுதான். கழற்றி யுஎஸ்பி பெட்டியில் மாட்டினால், டிஇ என்ற மறைந்த கோப்புறைக்குள் அவை கிடைக்கும். நாஸ் பெட்டிகளின் வட்டுகள் பெரும்பாலும் லினக்ஸ் அமைப்பில் இருப்பதால் விண்டோஸ் அவற்றைப் படிக்காது. அதை ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கும்போது சம்மதம் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. லினக்ஸ் கணினி ஒன்றில் மாட்டிப் பார்ப்பதுதான் வழி.

தரவு பத்திரமான பிறகு, தொலைவிலிருந்து எட்டும் வேலையைப் பழைய சர்வரிடமிருந்து பிடுங்கி வேறொன்றிடம் கொடுக்க வேண்டும். ராஸ்பெர்ரி பை போன்ற சிறிய கணினி ஒன்றை ரவுட்டரோடு இணைத்து, அதில் டெயில்ஸ்கேல் அல்லது ஸீரோடையர் போன்ற விபிஎன், அதாவது இணையத்துக்குள் குறியாக்கப்பட்ட தனிவழி, ஒன்றை நிறுவலாம். இவை உள்ளிருந்து வெளியே இணைப்பை ஏற்படுத்துகின்றன. ஆகவே பகிரப்பட்ட முகவரி தடையில்லை, ரவுட்டரில் எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. டொராண்டோவில் இருக்கும் மகள் தன் போனில் அதே கணக்கில் நுழைந்தால், வீட்டு வைஃபையில் இருப்பவரைப் போலக் கோப்புகளை எடுக்கலாம். வேறு யாருக்கும் அந்த வீட்டில் சர்வர் இருப்பதே தெரியாது. பழைய விண்டோஸில் இந்த மென்பொருள்களின் இன்றைய பதிப்புகள் ஓடாது என்பது உண்மை. அதனால்தான் தனிக் கணினி வேண்டும் என்கிறேன். சர்வரில் எதையும் நிறுவாமலேயே, வீட்டு நெட்வொர்க் முழுவதற்குமான வழியை அந்தச் சிறு கணினி தரும். கோப்புகளையே அதில் இணைத்த புது வட்டுக்கு மாற்றிவிட்டால் பழைய சர்வரை நிம்மதியாக அணைத்துவிடலாம். என் கணக்கில் அதுதான் சரியான முடிவு, செலவும் மின்சாரமும் குறையும். அதோடு ரவுட்டரில் பழைய போர்ட் திறப்புகளை நீக்கி, கருவிகள் தாமாகப் போர்ட் திறக்க வழிசெய்யும் யுபிஎன்பி வசதியையும் நிறுத்த வேண்டும்.

இரண்டாவது நகலை எங்கே வைப்பது என்பதிலும் கரையோரத்து அனுபவம் பேச வேண்டும். ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் 24 மணி நேரத்தில் 50 செண்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது, அது கடற்கரை ஊரே அல்ல. ஆகவே அதற்குப் பக்கத்துத் திண்டிவனத்து உறவினர் வீட்டில் வைக்கும் வட்டு கீழ்புத்துப்பட்டின் புயலிலிருந்து தப்பியதாகக் கொள்ள முடியாது. கோயம்புத்தூரோ மதுரையோ மேல். கழற்றிய பழைய வட்டுகளைக் காயலான் கடையில் எடைக்குப் போடக் கூடாது, கோப்பை நீக்கினாலும் உள்ளே இருப்பது மீண்டும் எடுக்கக்கூடியதே. வட்டு முழுவதையும் மேலெழுதி அழிக்க வேண்டும். பழுதாகிச் சுழலாமல் போன வட்டு என்றால் திறந்து தட்டுகளையே நொறுக்கிவிட்டு, மின்கழிவு வாங்கும் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் கொடுக்கலாம்.